விளையாட்டுக்குச் சொந்த உருவம் செய்ய எந்த மென்பொருள் எளிது? தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

தமிழக–கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை வட்டாரத்தில் கணினி விளையாட்டில் ஈடுபாடுள்ள மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பேருந்தையும் தேவாலயத்தையும் ஓட்டு வீட்டையும் விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்; அதற்கு எந்த மென்பொருள் எளிது? பக்கத்து வீட்டு அண்ணன் பிளெண்டர் என்பார். திருவனந்தபுரத்தில் அனிமேஷன் படித்துவிட்டு வந்தவர் மாயா என்பார். எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி, பிளாக்பெஞ்ச் போதும் என்று அடித்துச் சொல்வான். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கேட்டவரோ அந்த மூன்றையும் ஒரே வேலை என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றையும் பாதியில் விட்டுவிடுகிறார்.

எந்த வகை உருவம் செய்யப் போகிறோம், அது எந்த விளையாட்டுக்குள் போய் உட்காரப் போகிறது என்ற இரண்டும் தெரிந்தால், மென்பொருள் ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும். அந்த இரண்டையும் தெரிந்துகொள்ள, விளையாட்டு உருவம் என்றால் உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காகித நட்சத்திரத்தின் கட்டுமானம்

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் வீட்டு முற்றங்களில் நட்சத்திரம் தொங்கும். இப்போது பெரும்பாலும் கடையில் வாங்குகிறோம் என்றாலும், மூங்கில் சிம்புகளை நூலால் முடிச்சிட்டுக் கட்டி, மேலே வண்ணத்தாள் ஒட்டிச் செய்யும் முறை பலருக்குத் தெரிந்ததுதான். விளையாட்டு உருவமும் இதே கட்டுமானம் கொண்டது. முடிச்சு விழும் இடத்தைப் புள்ளி என்றும், இரண்டு முடிச்சுகளை இணைக்கும் சிம்பை விளிம்பு என்றும், சிம்புகளுக்கு இடையில் ஒட்டிய தாளை முகம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இவை மூன்றும் சேர்ந்த கூட்டுக்கு மெஷ் என்று பெயர். கூட்டுக்கு உள்ளே எதுவும் இருக்காது. திரையில் கருங்கல்லாகத் தெரியும் சுவரும் வெறும் மேல்தோல்தான்.

ஒவ்வொரு புள்ளியையும் கணினி மூன்று எண்களாக நினைவில் வைக்கிறது: இட வலமாக எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு, முன் பின்னாக எவ்வளவு. விளையாட்டு ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப் எல்லா முகங்களையும் முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்கிறது. நான்கு முனையுள்ள தாளை முறுக்கினால் அது தட்டையாக இராது. மூன்று முனைகளோ எப்போதும் ஒரே தளத்தில் அமையும். அதனால் முக்கோணத்தை எந்தக் குழப்பமும் இல்லாமல் வரைந்துவிட முடியும். ஒரு கனசதுரத்துக்கு 8 புள்ளிகள், 12 விளிம்புகள், 6 முகங்கள். அதுவே விளையாட்டுக்குள் போகும்போது 12 முக்கோணங்கள். நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் விளையாட்டு என்றால், கண்ணுக்கு முன்னால் உள்ள எல்லா முக்கோணங்களையும் நொடிக்கு 60 முறை வரைந்தாக வேண்டும்.

நட்சத்திரத் தாளை இருபுறமிருந்தும் பார்க்கலாம். விளையாட்டில் ஒரு முகம் வழக்கமாக ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தெரியும்; மறுபக்கத்தை வரைவது வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். செய்து முடித்த வீட்டை விளையாட்டுக்குள் ஏற்றியதும் சில சுவர்கள் காணாமல் போகும் அனுபவம் தொடங்குவோருக்கு அடிக்கடி நேர்வதற்குக் காரணம் இதுதான். சுவர் தொலைந்துபோகவில்லை, அதன் முகம் உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எல்லா மென்பொருளிலும் அதைப் புரட்டிப்போட ஒரு கட்டளை உண்டு.

வண்ணம் ஒட்டும் விதம்

நட்சத்திரத்தில் பூவேலை வேண்டுமென்றால், கட்டி முடித்த பிறகு அதன் மேல் வரைவது கடினம். தாளைத் தரையில் விரித்து வரைந்து, பிறகு ஒட்டுவதே வழி. கணினியிலும் அப்படித்தான். உருவத்தின் தோலைச் சில விளிம்புகளில் வெட்டித் தட்டையாக விரிக்கும் வேலைக்கு யூவி விரிப்பு என்று பெயர். விரித்த தோலின் மேல் பொருந்தும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். டெக்ஸ்சர் ஒரு சாதாரணப் படக்கோப்புதான். எந்த ஓவிய மென்பொருளிலும் அதைத் திறந்து திருத்தலாம்.

இது புரிந்தால் ஒரு பெரிய குழப்பம் தீர்ந்துவிடும். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா விளையாட்டை எல்லையின் இருபுறமும் ஏராளமானோர் கைபேசியில் ஆடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்தின் நிறத்தையும் பெயர்ப்பலகையையும் அதில் கொண்டுவர விரும்பும் ஒருவர், முப்பரிமாண மென்பொருளைத் தேடி அலைகிறார். அவருக்கு அது தேவையே இல்லை. வண்டியின் வடிவம் ஏற்கெனவே விளையாட்டில் இருக்கிறது. மாற்ற வேண்டியது தோலில் ஒட்டும் படத்தை மட்டும். லிவரி என்று சொல்லப்படும் அந்த வேலைக்கு, விரித்த தோலின் மாதிரிப்படமும், ஜிம்ப் அல்லது கிரீட்டா போன்ற இலவச ஓவிய மென்பொருளும் போதும். விளையாட்டில் இல்லாத புதிய வடிவத்தில் ஒரு வண்டியைக் கொண்டுவர விரும்புபவருக்கு மட்டுமே உருவம் செய்யும் மென்பொருள் தேவைப்படும்.

இதுவரை கண்டதைத் தொகுத்துக்கொள்வோம். விளையாட்டு உருவம் என்பது புள்ளி, விளிம்பு, முகம் கொண்ட வெற்றுக் கூடு. அதன் தோலை விரித்து, மேலே ஒரு படத்தைப் பொருத்துகிறோம். வடிவத்தை மாற்றுவதும் படத்தை மாற்றுவதும் தனித்தனி வேலைகள். அவற்றுக்குரிய கருவிகளும் வேறு வேறு.

எந்த வகை உருவத்துக்கு எந்தக் கருவி

பெட்டிகளை அடுக்கிச் செய்யும் உருவங்களிலிருந்து தொடங்கலாம். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஆடு, மாடு, மனிதர் எல்லாமே சிறிய செவ்வகப் பெட்டிகளால் ஆனவை. இதற்கென்றே அமைந்தது பிளாக்பெஞ்ச். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது, நிறுவாமல் இணைய உலாவியிலேயே திறக்கலாம். பெட்டியை வைக்கும்போதே தோல் விரிப்பும் உருவாகிவிடும். அதே திரையில் வண்ணமும் தீட்டலாம், அசைவும் சேர்க்கலாம். மைன்கிராஃப்ட் கேட்கும் வடிவத்திலேயே கோப்பையும் தந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புத் தம்பி சொன்னது இந்த வேலைக்கு முற்றிலும் சரி. மைன்கிராஃப்டுக்காக முதல்முதலாக உருவம் செய்பவரை பிளெண்டருக்கு அனுப்புவது அவருடைய ஆர்வத்தை வீணாக்குவதாகும் என்றே நான் கருதுகிறேன்.

வோக்சல் உருவங்கள் இதற்குப் பக்கத்தில் நிற்பவை. ஒரே அளவுள்ள நுண்கட்டிகளை அடுக்கிச் செய்யும் முறைக்கு வோக்சல் என்று பெயர். மேஜிக்காவோக்சல் என்ற இலவச மென்பொருள் இதில் நன்கு அறியப்பட்டது. பத்து வயதுக் குழந்தையும் அரைமணி நேரத்தில் அதில் ஒரு மரம் செய்துவிடலாம். விளையாட்டு முழுவதும் அந்தக் கட்டித் தோற்றத்தில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். வழவழப்பான உலகத்தின் நடுவே வோக்சல் மரம் ஒட்டாமல் நிற்கும்.

மூன்றாவது, புள்ளியையும் முகத்தையும் நேரடியாக இழுத்து நீட்டி உருவம் செய்யும் பொதுமுறை. பேருந்து, வீடு, பாலம், மனிதர் என எதையும் இதில் செய்யலாம்; விளையாட்டு நிறுவனங்களில் பெரும்பாலான வேலை நடப்பதும் இப்படித்தான். பிளெண்டர், மாயா, 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவை இந்த வகை. பின்னைய இரண்டும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கட்டண மென்பொருள்கள். மாணவர்களுக்கு அந்த நிறுவனம் கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகிறது என்றாலும், அதை வைத்து வணிக வேலை செய்ய முடியாது. கிராக் செய்த பதிப்பைத் தேடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அத்தகைய கோப்புகளோடு வைரசும் சேர்ந்தே வருவது வழக்கம். இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் பிளெண்டர் இருக்கும்போது அந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

களிமண்ணைப் பிசைவது போலத் திரையில் உருவத்தை அழுத்தியும் இழுத்தும் செய்யும் முறைக்கு ஸ்கல்ப்டிங் என்று பெயர். ஸீபிரஷ் இதில் புகழ்பெற்றது. கைபேசியில் நோமாட் ஸ்கல்ப்ட் இருக்கிறது. பிளெண்டருக்குள்ளும் இதற்கு ஒரு பகுதி உண்டு. விரலால் தடவியவுடன் முகம் உருவாகிவிடுவதால், தொடங்குவோருக்கு இதுவே மிக எளிது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உருவம் செய்வது எளிதுதான். ஆனால் அப்படிச் செய்த உருவத்தில் பல லட்சம் முக்கோணங்கள் குவிந்திருக்கும். அதை விளையாட்டு தாங்காது. அதன் மேல் குறைந்த முக்கோணங்களில் இன்னொரு கூட்டைப் பொறுமையாகக் கட்டி, நுணுக்கங்களைப் படமாக மாற்ற வேண்டும். அந்த இரண்டாம் பாதி, தேர்ந்தவர்களுக்கே நேரம் எடுக்கும் வேலை.

டிங்கர்கேட், ஸ்கெட்ச்அப் போன்றவற்றையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். முதலாவது முப்பரிமாண அச்சுக்கும், இரண்டாவது கட்டட வரைவுக்கும் அமைந்தவை. வடிவ அறிவை வளர்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிங்கர்கேட் மிகவும் நல்லது. தோல் விரிப்புக்கான கருவி அதில் இல்லாததால் விளையாட்டு வேலைக்கு அது பாதி வழி வரைதான் வரும்.

முக்கோணக் கணக்கு

நுணுக்கம் கூடக் கூட உருவம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் தொடங்குவோர் மிகுதியாகத் தடுமாறும் இடம். ஒரு கனசதுரத்தை வழவழப்பாக்க, ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரிக்கும் கட்டளை ஒன்று உண்டு. ஒருமுறை கொடுத்தால் 6 முகங்கள் 24 ஆகும். பிறகு 96, 384, 1,536, 6,144. ஆறாவது முறை 24,576 முகங்கள், அதாவது 49,152 முக்கோணங்கள். திரையில் ஐந்தாவது முறைக்கும் ஆறாவது முறைக்கும் வேறுபாடு தெரியாது. விளையாட்டுக்கோ சுமை நான்கு மடங்கு.

நம் ஊர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரையின் ஒரு சரிவில் ஆயிரம் ஓடுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு ஓட்டையும் நூறு முக்கோணங்களில் செய்வதாகவும் வைத்தால், ஒரு சரிவுக்கே ஒரு லட்சம் முக்கோணங்கள். அந்தச் சரிவை இரண்டே முக்கோணங்களில் செய்து, ஓடுகளின் படத்தை மேலே பொருத்தினால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓட்டுக் கூரையாகவே தெரியும். இன்னும் புடைப்பாகத் தெரிய வேண்டுமானால், ஒளி எந்தத் திசையில் பட்டுத் திரும்ப வேண்டும் என்ற தகவலை மட்டும் நிறங்களில் பதிந்துவைத்த நார்மல் மேப் என்ற இன்னொரு படத்தைச் சேர்க்கலாம். தாழ்வாரத்தின் விளிம்பில் வானத்துக்கு எதிரே தெரியும் ஓட்டு வரிசையை மட்டும் உண்மையான வடிவமாகச் செய்தால் போதும். எதை வடிவமாகச் செய்ய வேண்டும், எதைப் படமாக விட்டுவிடலாம் என்று பிரித்தறியும் கண்தான் இந்தக் கலையின் பாதி என்று துணிந்து சொல்வேன். எந்த மென்பொருளும் அதைத் தானாகச் செய்து தருவதில்லை.

படங்களுக்கும் எடை உண்டு. ஒரு பக்கத்துக்கு 1,024 படப்புள்ளிகள் கொண்ட சதுரப் படம், சுருக்கப்படாத நிலையில் 4 எம்பி நினைவகத்தை எடுக்கும். 4,096 என்றால் 64 எம்பி. கைபேசி விளையாட்டில் ஒரு தண்ணீர்க் குடத்துக்கு அவ்வளவு பெரிய படம் தேவையில்லை.

அடுத்தது, ஒன்றைச் செய்து பலமுறை வைக்கும் உத்தி. 1966இல் கட்டி முடிக்கப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தை விளையாட்டுக்குள் கொண்டுவர விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். 28 தூண்களையும் தனித்தனியாகச் செய்யத் தேவையில்லை. ஒரு தூணைக் கவனமாகச் செய்து, அதன் தோலை விரித்து வண்ணம் தீட்டிய பிறகு, அதையே 28 இடங்களில் நிறுத்தலாம். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் சரிவுக்கேற்ப ஒவ்வொன்றின் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். மூல உருவம் ஒன்றாகவே இருப்பதால் நினைவகத்தில் ஒரு தூணின் தகவல்தான் இருக்கும். அதில் ஒரு குறையைத் திருத்தினால் 28 தூண்களிலும் அது திருந்திவிடும். பிளெண்டரில் இணைத்த நகல் என்ற வசதி இதைத்தான் செய்கிறது.

சுருக்கமாக, முக்கோணத்திலும் படத்தின் அளவிலும் சிக்கனம் வேண்டும். அந்தச் சிக்கனத்தைக் கைக்கு எட்டும்படி வைத்திருக்கும் மென்பொருளே விளையாட்டு வேலைக்கு ஏற்றது.

விளையாட்டிலிருந்து பின்னோக்கி வருதல்

மென்பொருளைத் தேர்வதற்கு முன், உருவம் போய்ச் சேரும் இடம் எந்தக் கோப்பு வகையை ஏற்கிறது என்று பாருங்கள். ஓபிஜே மிகப் பழைய வகை. வடிவத்தையும் தோல் விரிப்பையும் சுமக்கும், அசைவைச் சுமக்காது. எஃப்பிஎக்ஸ் ஆட்டோடெஸ்க்கின் வகை; விளையாட்டு இயந்திரங்களான யூனிட்டியும் அன்ரியலும் அதை நேரடியாக ஏற்கும். ஜிஎல்டிஎஃப் என்பது குரோனோஸ் குழுமம் வெளியிட்ட திறந்த வகை. இதன் இரண்டாம் பதிப்பு 2017இல் வந்தது. வடிவம், படம், அசைவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சுமக்கும் இதையே இலவச விளையாட்டு இயந்திரமான கொடோ முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. விளையாட்டு இயந்திரம் என்பது உருவம், ஒலி, விதிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும் மென்பொருள். பிளெண்டர் அத்தகையது அல்ல. அதில் செய்த பேருந்து தானாக ஓடத் தொடங்காது.

மேல் எது என்பதிலும் ஒவ்வொரு மென்பொருளும் வேறுபடுகிறது. பிளெண்டரும் அன்ரியலும் மூன்றாம் எண்ணை உயரமாகக் கொள்கின்றன. யூனிட்டியும் கொடோவும் இரண்டாம் எண்ணை. பேருந்து விளையாட்டுக்குள் மூக்குக் குப்புற நின்றால் பயப்படத் தேவையில்லை. கோப்பை வெளியேற்றும்போது திசையைச் சரிசெய்யும் தெரிவு இருக்கிறது. அளவிலும் இதே கவனம் வேண்டும். யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர். அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர்.

வேறொருவரின் விளையாட்டில் சேர்ப்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால், அந்த விளையாட்டின் விதிகளையும் படிக்க வேண்டும். முக்கோணங்களுக்கு வரம்பு இருக்கலாம். சக்கரங்களைத் தனி உறுப்பாக வைக்கச் சொல்லலாம். இன்னொரு விளையாட்டிலிருந்து உருவத்தை உருவி எடுத்து, சொந்த உருவம் என்று வெளியிடுவது பதிப்புரிமை மீறல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பிளெண்டரைப் பற்றிய அச்சம்

பெட்டி உருவமும் வோக்சலும் அல்லாத எதற்கும் என் பரிந்துரை பிளெண்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசெண்டால் உருவாக்கிய இந்த மென்பொருளை, 2002இல் பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டித் தந்து பொதுவுடைமையாக்கினார்கள். அன்றுமுதல் அது எல்லோருக்கும் இலவசம். வணிக வேலைக்கும் தடையில்லை. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுக்களின் முகாம்களில் பிளெண்டரும் கற்பிக்கப்படுகிறது. பாறசாலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதை மார்த்தாண்டத்துப் பிள்ளைகளாலும் கற்றுக்கொள்ள முடியும்.

பிளெண்டர் கடினம் என்ற பேச்சுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்புக்கு முன் அதன் முகப்பு உண்மையிலேயே புதியவரைக் குழப்பியது. அப்போது உண்டான பெயர் இன்னும் நிற்கிறது. மற்றொன்று, அதில் திரைப்பட வேலை, புகை, நீர், படத்தொகுப்பு என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது. விளையாட்டு உருவத்துக்கு அதில் பெரும்பகுதி வேண்டியதே இல்லை. நகர்த்த ஜி, சுழற்ற ஆர், அளவு மாற்ற எஸ், முகத்தை வெளியே இழுக்க இ என்ற நான்கு விசைகளும், முகத்தைக் குறுக்காக வெட்டும் கருவியும், ஒரு பாதியைச் செய்தால் மறுபாதியைத் தானாகக் காட்டும் கண்ணாடி வசதியும் தெரிந்தால் ஒரு பேருந்தின் உடலைச் செய்துவிடலாம். பிறகு தோல் விரிப்பு, பிறகு கோப்பை வெளியேற்றுதல். எலும்புக்கூடு வைத்து அசைய வைக்கும் ரிக் வேலையை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம்.

கணினியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்போதைய பிளெண்டர் குறைந்தது 8 ஜிபி நினைவகத்தையும், ஓபன்ஜிஎல் 4.3 என்ற வரைகலைத் தரத்தை ஏற்கும் கிராஃபிக்ஸ் சிப்பையும் கேட்கிறது. வீட்டில் இருப்பது பழைய விலையில்லா மடிக்கணினி மட்டும் என்றால், பிளெண்டரின் இணையதளத்திலேயே கிடைக்கும் பழைய பதிப்பை இறக்கலாம், அல்லது உலாவியில் பிளாக்பெஞ்ச் திறக்கலாம். புள்ளி, முகம், தோல் விரிப்பு என்ற அடிப்படைகள் எதில் கற்றாலும் ஒன்றுதான்.

பேருந்துக்கு முன் ஒரு கனசதுரம்

மென்பொருளைத் தேர்ந்ததும் உடனே பெரிய வேலையில் இறங்க வேண்டாம். பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் நிற்கும் கனசதுரம் பக்கத்துக்கு 2 மீட்டர் அளவுள்ளது. அதன் ஒரு முகத்தில் மட்டும் உங்கள் ஊரின் பெயர் எழுதிய படத்தைப் பொருத்தி, விளையாட்டு ஏற்கும் கோப்பாக வெளியேற்றி, விளையாட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஒரு மனித உருவத்தின் பக்கத்தில் அது தலைக்குச் சற்று மேல் உயரமாக நிற்கிறதா, எழுத்து நேராகத் தெரிகிறதா, ஆறு பக்கமும் சுற்றிப் பார்த்தால் எந்த முகமாவது மறைகிறதா என்று பாருங்கள். அளவு, திசை, தோல் விரிப்பு, முகம் திரும்புதல் ஆகிய நான்கையும் இந்த ஒரு கனசதுரத்திலேயே சோதித்துவிடலாம். இதில் ஏதேனும் தவறினால் திருத்தப் பத்து நிமிடம் போதும். அதே தவறு இருபதாயிரம் முக்கோணங்கள் கொண்ட பேருந்தைச் செய்து முடித்த பிறகு தெரியவந்தால், வாரக்கணக்கான உழைப்பைத் திரும்பச் செய்ய நேரிடும்.